மாப்பிள்ளை விமானத்துக்குக் கைப்பிடி மாட்டியது

என் தங்கை வீட்டுக்காரர் பைலட். அப்படித்தான் எங்கள் சொந்தத்தில் எல்லோரும் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். தொண்ணூறுகளில் கோயம்புத்தூர்ப் பக்கம் டாக்டர் மாப்பிள்ளையும் இன்ஜினியர் மாப்பிள்ளையும் சாதாரணமாகிவிட்டார்கள். மில் வைத்திருக்கும் மாப்பிள்ளை வீதிக்கு ஒருவர் இருந்தார். பைலட் மாப்பிள்ளை மட்டும் எவர் வீட்டிலும் கிடையாது. எங்கள் வீட்டில்தான் இருந்தார். அதில் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

மாப்பிள்ளை வெள்ளகோவில் பக்கம் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. விமானம் ஓட்டப் படிக்கிறேன் என்று அமெரிக்கா போய், ஒரு வருஷம்கூட முழுசாக இருக்காமல் திரும்பியவர். வரும்போது ஒரு தோல் ஜாக்கெட், ஒரு கறுப்புக் கண்ணாடி, குட்டி விமானம் ஒன்றின் இறக்கையில் கை வைத்து நிற்கும் போட்டோ, இவ்வளவையும் கொண்டுவந்தார். லைசென்ஸ் எங்கே என்று கேட்டால், "பேப்பர் வந்துட்டு இருக்குதுங்க மாமா" என்பார். பெண் பார்க்க வந்தபோது அது வந்துகொண்டிருந்தது. கல்யாணத்தன்றைக்கும் வந்துகொண்டிருந்தது. சித்திரை வெயிலில் தோல் ஜாக்கெட்டோடு பந்தியில் உட்கார்ந்து, நெற்றியில் வேர்வை வழிய வழிய ரசம் சாப்பிட்ட மனுஷனை நான் என் வாழ்நாளில் அவர் ஒருத்தரைத்தான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசுவது கிடையாது. பெண்ணைக் கொடுத்த வீடு என்றால் வாயையும் சேர்த்துக் கொடுத்துவிட்ட மாதிரிதான். மாப்பிள்ளை சூரியன் மேற்கே உதிக்கிறது என்றால், "ஆமாங்க, நானுங்கூடக் கவனிச்சிருக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டுக் காபி கொண்டுவர உள்ளே போக வேண்டும். அப்பா பெரியநாயக்கன்பாளையத்தில் வீட்டை ஒட்டியே பம்புசெட்டுப் பாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருந்தார். வேலைக்காரர்கள் யாரும் அவர் முன்னால் நிமிர்ந்து நின்று பேசியதில்லை. அந்த மனுஷன், மாப்பிள்ளை தும்மினால் எழுந்து நிற்பார். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். பட்டறையை நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு யாரும் எழுந்து நின்றது இல்லை.

கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை எங்கள் வீட்டு மாடியில் வந்து தங்கினார். வீட்டோடு மாப்பிள்ளை என்று சொல்லிவிடக் கூடாது. 'வேலை கிடைக்கிற வரைக்கும்' தங்கியிருந்தார். தங்கை அங்கே இல்லை. அவள் உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, தோழிகள் எல்லோரும் இடுப்பில் பிள்ளையோடு வந்து போகிற வரைக்கும் காத்திருந்து வாங்கிய வேலை. இன்னொரு டீச்சரோடு அங்கே ஒரு அறையில் தங்கியிருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் கிளம்பி வருவாள், ஞாயிற்றுக்கிழமை பொழுதோடு திரும்பிப் போவாள். அந்த ஒரு ராத்திரியும் மாப்பிள்ளை வேலை இல்லாத கஷ்டத்தைப் பற்றியே பேசுவார் என்று நினைக்கிறேன். காலையில் அவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

ஒரு நாள் மாப்பிள்ளை சாப்பாட்டு மேஜையில் திட்டத்தை அவிழ்த்தார். பைலட் பயிற்சி மையம் ஆரம்பிக்கப்போகிறார். விமானத்தின் முன்பக்கம் மாதிரியே ஒரு கூண்டு. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு. காலுக்குக் கட்டை, கைக்கு லீவர், தலைக்கு மேலே சுவிட்சு. பையன்கள் அதில் உட்கார்ந்து தரையிலேயே ஓட்டிப் பழகிவிட்டால் அப்புறம் ஆகாசத்தில் சுலபம். கோயம்புத்தூர் முழுக்க வரிசையில் நிற்கும்.

"மெட்ராஸ்லகூட இது இல்லீங்க மாமா."

"அப்படீங்களா மாப்ளே!" என்றார் அப்பா. மெட்ராஸில் இல்லாத எதைச் சொன்னாலும் அவர் கண் கலங்கிவிடும்.

"மையத்தைப் பாத்துக்க ஒரு ஆள் வேணுமுங்க. நம்மாளா இருந்தா நல்லது. அவளை வேலைய உட்டுப்போட்டு வரச் சொல்லிரலாமுங்க. அவ ஒரு பக்கம், நா ஒரு பக்கம், இது என்ன குடித்தனமுங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். அம்மா மாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி நெய் ஊற்றினாள். "சரிங்க மாப்ளே, சொல்லிப்போடலாமுங்க" என்று அப்பா முடித்துவிட்டார். அரசாங்க வேலையை ராஜினாமா செய்தால் திரும்பக் கிடைக்காது என்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். நெய் ஊற்றிய அம்மாவுக்கும் தெரியும்.

கூண்டு கட்டும் வேலை எங்கள் பட்டறையில் நடந்தது. வேறு எங்கே நடக்கும்? வார்ப்புக்கான மர அச்சுகளை அடுக்கி வைத்திருந்த அறையைக் காலி செய்யச் சொல்லி அப்பா உத்தரவு போட்டார். நானும் அப்பாவும் சேர்ந்து வருஷக்கணக்கில் சேர்த்த அச்சுகள் தகரக் கொட்டகைக்குக் கீழே போய்க் குவிந்தன. அந்த இடத்தில் ப்ளைவுட் வந்தது, பெயின்ட் வந்தது, ஏ.சி. வந்தது. பட்டறையில் அதுவரைக்கும் எனக்கு ஒரு நல்ல ஃபேன்கூடக் கிடையாது. உட்காருவதற்குப் பழைய கார் ஒன்றின் முன் சீட்டைப் பிடுங்கி, உக்கடத்தில் சீட்டுத் தைக்கும் பாய் ஒருவரிடம் உறை தைக்கக் கொடுத்தோம். அவர் தைத்து முடித்து, கொண்டுவந்து மாட்டியும் கொடுத்துவிட்டு, கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏனுங்க, இதுல எத்தனை டிக்கெட்டுங்க ஏறும்?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒண்ணுதானுங்க பாய். அதுவும் எறங்க மாட்டேங்குது" என்றேன். மாப்பிள்ளை அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் சிரித்தேன்.

கடைசியில் மிச்சமிருந்தது லீவர்கள். மூன்று லீவர். கறுப்புக் கைப்பிடி வேகத்துக்கு. நீலமும் சிவப்பும் வேறு எதற்கோ. எதற்கு என்று கேட்டேன். "அதெல்லாம் சொன்னா உங்களுக்குக் குழப்பமாயிருமுங்க மச்சான்" என்றார். சரி, எனக்கு எதற்கு வம்பு?

எங்கள் ஊர்ப் பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு. எந்த வேலை வந்தாலும் முதல் கேள்வி, "சாம்பிள் இருக்குதுங்களா?" என்பதுதான். ஜெர்மன் மிஷினோ ஜப்பான் மிஷினோ, உடைந்த பாகத்தைக் கையில் கொடுத்துவிட்டால் போதும், அதே மாதிரி நாலு செய்து கொடுத்துவிடுவோம். படம் போட்டுக் காட்டினால் பிடிக்காது. வாயால் சொன்னால் சுத்தமாகப் பிடிக்காது. நான் சாம்பிள் கேட்டேன். மாப்பிள்ளை காற்றில் கையை நீட்டி, விரல்களை மடக்கி, எதையோ பிடித்துத் தன் பக்கமாக இழுத்துக் காட்டினார்.

"இப்படி இருக்கோணுமுங்க மச்சான். கைக்கு அடக்கமா."

"இழுக்கறதுக்கா, தள்ளறதுக்காங்க மாப்ளே?"

"இழுக்கோணும். இழுத்தா வேகம். விட்டா கொறையோணும்."

இதில் சந்தேகப்பட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெள்ளகோவிலில் இருந்து உடுமலை வரைக்கும் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், பழைய டிராக்டரில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கை லீவர் இருக்கும். அதைத் தன் பக்கம் இழுத்தால் இன்ஜின் உறுமும். நான் நடக்கப் பழகிய காலத்தில் இருந்து பார்க்கிற விஷயம். என் கையும் அப்படித்தான் எதிர்பார்த்தது. விமானமும் அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். நான் என்ன ஆகாசத்திலா பிழைப்பு நடத்தினேன்? பறந்தவர் அவர். சொன்னவர் அவர்.

நைலான் உருளையை லேத்தில் கடைந்து கைப்பிடிகளைச் செய்தேன். இழுக்கும்போது விரல் வழுக்கக் கூடாது என்று முன்பக்கத்தில், அதாவது கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கிற பக்கத்தில், நாலு விரலுக்கும் பள்ளம் போட்டேன். உள்ளங்கை படுகிற பின்பக்கம் வழவழப்பாக. இரும்புப் பட்டையின் நுனியில் துளை போட்டு, மறை வெட்டி, ஸ்குரூ வைத்து இறுக்கிக் காட்டினேன். மாப்பிள்ளை ஆட்டிப் பார்த்தார்.

"ஸ்குரூ வேண்டாமுங்க. ரிவெட் அடிச்சிருங்க. மேல போனா ஆட்டம் பலமா இருக்கும். கழண்டுக்கும்."

மேலே போனால்! சிமெண்டுத் தரையில் ஆணி அடித்து இறுக்கிய ப்ளைவுட் பெட்டி அது. கழன்றுகொள்ளுமாம். ரிவெட்டே அடித்துவிடுவோம் என்று எடுத்தேன்.

லீவரின் அடியில் ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகு ஒன்றை வைத்து, அதில் இருந்து ஒயரைக் கம்ப்யூட்டருக்கு இழுக்க வேண்டும். லீவர் அசைந்தால் திருகு சுற்றும், திருகு சுற்றினால் விளையாட்டில் விமானத்தின் வேகம் மாறும். அதற்கு ஒரு ரேடியோ மெக்கானிக் வந்தார். "எந்தப் பக்கம் வந்தா சத்தம் கூடோணுமுங்க?" என்று கேட்டார். அவருக்கு எல்லாமே சத்தம்தான். "இழுத்தா கூடோணும்" என்றார் மாப்பிள்ளை. அப்படியே இணைத்துக் கொடுத்தார்.

திறப்பு விழாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் நான் கைப்பிடிகளுக்கு ரிவெட் அடித்துக்கொண்டிருந்தபோது தங்கை பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராக அங்கே வந்தாள். கார் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, இதுதானா?"

"இதுதான் அம்மணி. உன்ர வீட்டுக்காரரு ஆகாசக் கோட்டை."

அவள் சிரிக்கவில்லை. "திங்கக்கெழமை ராஜினாமா எழுதிக் குடுத்தரச் சொல்லியிருக்கறாருங்க. அப்பாவும் எச்செம்முகிட்டப் பேசிப்போட்டாராமா."

அப்பா தலைமையாசிரியரிடம் பேசியது எனக்கே அப்போதுதான் தெரியும். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன்.

"உனக்கு இஷ்டமா கண்ணு?"

"என்ர இஷ்டத்தை யாருங்க கேட்டாங்க?" என்றாள். அப்புறம் கொஞ்சம் தணிந்தாள். "அண்ணா, எனக்குக் காலைல மொதப் பீரியடு ரொம்பப் புடிக்குமுங்க. பிள்ளைக தலைல எண்ணெய் வெச்சு, வழிச்சுச் சீவிட்டு வந்து உக்காந்திருக்கும். போர்டு சுத்தமா இருக்கும். மொத கணக்கை எழுதறப்ப ஒருத்தரும் பேசமாட்டாங்க. அதை விட்டுப்போட்டு இங்க வந்து இந்தப் பெட்டிக்கு டோக்கன் குடுக்கறதாங்க?"

"அப்பறம் எதுக்குச் சரின்னே? முடியாதுன்னு சொல்லேன்!"

"அவரு ராத்திரி பகலா அதே நெனப்பா இருக்கறாருங்கண்ணா. ஆசைப்படறது தப்பா? நெசமாவே ஓட்டத் தெரிஞ்ச மனுசன், வாய்ப்பு இல்லாம கெடக்கறாருன்னா, அதுக்காக நா வேலைய விடலாமுங்க. அதுல எனக்கு வருத்தமில்லீங்க. நெசமாவே தெரியோணும். அவ்வளவுதான்."

அவள் மனசில் இருந்தது இந்த ஒரு கேள்விதான். மாப்பிள்ளையிடம் கேட்டால் கோபித்துக்கொள்வார். அப்பாவிடம் கேட்டால் வாயை மூடச் சொல்வார். என்னிடம் கேட்டால் எனக்கென்ன தெரியும்? எனக்கு அவர்மேல் இருந்தது இளக்காரம் மட்டும்தான். இளக்காரத்தை ஆதாரம் என்று காட்ட முடியாது. ரிவெட்டை அடித்து முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவளோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையிலேயே ஒரம்பரை, சொந்தபந்தம் மொத்தமும், வந்து இறங்கிவிட்டது. இரண்டு வேன், நாலைந்து கார். பட்டறை வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். ஐயர் வந்து கூண்டுக்குப் பூஜை போட்டார். மூன்று கைப்பிடிகளுக்கும் சந்தனம், குங்குமம். நான் ராப்பகலாக மெருகு போட்ட நைலானில் சந்தனம் வழிந்தது. புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும் இல்லையா? இதற்குச் சக்கரம் இல்லை. என்ன செய்வது என்று பெரியவர்கள் கூடி யோசித்து, கார் சீட்டின் காலுக்கு அடியில் வைத்து அப்பாவை உட்காரச் சொன்னார்கள். அப்பா உட்கார்ந்தார். பழம் நசுங்கவில்லை. எழுந்து, ஒருமுறை தொப்பென்று உட்கார்ந்தார். நசுங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். பூசணிக்காய் உடைத்தோம். மாப்பிள்ளை தோல் ஜாக்கெட் போட்டிருந்தார். அன்றைக்கு ஏ.சி. இருந்ததால் அதிகம் வேர்க்கவில்லை.

முதலில் யார் ஓட்டுவது என்று வந்தது. "வீட்டு மகாலட்சுமி உக்காரட்டும்" என்றார் அப்பாவின் அண்ணன். அவர் எங்கள் பெரியப்பா, பத்துப் பன்னிரண்டு ஏக்கர் தோட்டம், இரண்டு டிராக்டர். நல்ல மனுஷன், வாய் மட்டும் நிற்காது. மாப்பிள்ளைக்கு முதலில் தானே ஓட்டிக்காட்ட ஆசை. ஆனாலும் எல்லோர் முன்னாலும் பெருந்தன்மையாக, "உக்காரு, உக்காரு, நா சொல்லித் தாரேன்" என்றார். தங்கை பட்டுப் புடவையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். ஒரம்பரை மொத்தமும் முதுகுப் பக்கம் நெருக்கிக்கொண்டு நின்றது.

திரையில் ஓடுதளம் தெரிந்தது. அதற்குக் கீழே விமானத்தின் முன்பலகை அப்படியே படமாக இருந்தது. முள், டயல், மூலையில் ஒரு லீவர்கூட வரைந்திருந்தார்கள். நான் அதுவரை அதைக் கவனிக்கவே இல்லை. அவள் கவனித்தாள். கணக்கு டீச்சர் அல்லவா, கேள்வியை முதலில் வாசித்துவிட்டுத்தான் விடைக்குப் போவாள்.

"ஏனுங்க, இது மாறி இருக்குதுங்களே" என்றாள்.

"என்ன மாறி?"

"படத்துல லீவரு நம்ம பக்கமா, கீழ இருக்குது. இங்க கையில இருக்கறது முன்னால கோடீல இருக்குது."

"அதெல்லாம் நீ பாக்காதே. புடிச்சு இழு."

அவள் முன்பக்கத்துப் பள்ளங்களில் விரல்களை வைத்து இழுத்தாள். விமானம் உறுமிக்கொண்டு ஓடியது. ஒரம்பரை 'ஓ' என்று கத்தியது. அவள் கண் மட்டும் மூலையில் இருந்தது. கை பின்னால் வர வர, படத்தில் இருந்த லீவர் முன்னால் போனது. அவள் திருப்பித் தள்ளினாள். படத்தில் அது பின்னால் வந்தது, விமானம் நின்றது. மறுபடி இழுத்தாள். மறுபடி அதே.

"என்ன பண்ணிட்டு இருக்கறே? இழு! டீச்சருக்கு இதுகூடத் தெரியல பாருங்க" என்று மாப்பிள்ளை கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். கூட்டமும் சேர்ந்து சிரித்தது. அதுதான் முறை.

"இல்லீங்க. படத்துல தள்ளறாங்க. நாம இழுக்கறோம். எது சரிங்க?"

"அது அமெரிக்காக்காரன் பண்ணினது. அவன் முறை வேற, நம்ம முறை வேற."

அவள் சீட்டில் இருந்தபடியே முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள். "நீங்க படிச்சது அமெரிக்காவுலதானுங்களே?" என்றாள்.

கோபமே இல்லாத குரல். வகுப்பில் ஒரு பையனிடம், இந்த வரியில் இருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தாய் என்று கேட்பது மாதிரி இருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. காற்றில் கையை நீட்டி அவர் இழுத்துக் காட்டியது எந்த லீவரை என்று விளங்கியது. அடப்பாவி மனுஷா!

மாப்பிள்ளை ஜாக்கெட் ஜிப்பைப் பிடித்து ஏற்றி இறக்கினார். பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. மாப்பிள்ளை எல்லோர் முன்னாலும் திணறுவதாவது? கைகொடுக்கப் பாய்ந்துவிட்டார்.

"அட, மாப்ளை சொல்றது சரிதாங்கண்ணு. நம்ம டிராக்டர்லயும் இழுத்தாத்தான் வேகம். மாப்ளைக்கு அதெல்லாம் சின்னதுல இருந்தே பழக்கம். என்னுங்க மாப்ளே?"

மாப்பிள்ளை ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டார். பாவம், யாராவது கைகொடுத்தால் பிடித்துக்கொள்கிற நிலைமை. ஆட்டிய பிறகுதான், டிராக்டரை ஒத்துக்கொண்டுவிட்டோம் என்று அவருக்கே புரிந்திருக்கும். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"ஏனுங்க" என்றாள் தங்கை, "அங்க ப்ளேன்ல இந்த லீவரை நீங்க கையில புடிச்சீங்களா, இல்லீங்களா?"

"புடிச்சுத்தான்... அதாவது, அங்க வாத்தியாரு பக்கத்துல இருப்பாங்க. லீவரெல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. நாம கூட உக்காந்திருக்கோணும். ஆரம்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான்."

"ஆரம்பத்துலன்னா, அப்பறம்?"

அப்புறம் என்று ஒன்று இல்லை. நின்றவர்கள் எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது. இந்த இடத்தில் எவனாவது ஒருத்தன் வாயைத் திறந்து, என்னய்யா இது என்று கேட்டிருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் கேட்பார்களா? அப்பா தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் பெரிய விசயமுங்க, நமக்கென்ன தெரியும்" என்றார்.

மாப்பிள்ளை அதற்குள் தேறிவிட்டார். என் பக்கம் திரும்பினார். "மச்சான், நீங்க கைப்பிடியத் திருப்பி மாட்டிப்போட்டீங்களாட்ட இருக்குதுங்க" என்றார்.

என்னய்யா மனுஷன்! என் பட்டறையில், என் நைலானில், என் கையால் அவர் சொன்னபடி ரிவெட் அடித்துக் கொடுத்தால், நான் திருப்பி மாட்டிவிட்டேனாம். அதுகூடப் பரவாயில்லை. சுற்றி நின்ற ஒரம்பரை மொத்தமும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டியது. "அப்படித்தான் இருக்குமுங்க." "மச்சான் பாத்து மாட்டியிருக்கோணும்." "பரவால்லீங்க மாப்ளே, மாத்திக்கலாமுங்க." என்னைத் தூக்கி வளர்த்த பெரியப்பாவும் ஆட்டினார். அப்பாவும் ஆட்டினார். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் ஆட்டினார். அந்த நிமிஷத்தில் மாப்பிள்ளைமேல் எனக்கு இருந்த இளக்காரம் எல்லாம் இடம் மாறி இவர்கள்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அவராவது தான் பிழைப்பதற்காகப் பொய் சொன்னார். இவர்கள் சும்மாவே அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

"அண்ணன் சரியாத்தானுங்க மாட்டியிருக்கறாரு. நீங்க இழுன்னு சொன்னாப்பலதான் மாட்டியிருக்கறாரு. நேத்து நா பக்கத்துலதான் நின்னேன்" என்றாள். அவரிடம்தான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. கையில் ஒட்டியிருந்த சந்தனத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

"பசி நேரமுங்க, பந்திக்கு வாங்க, வாங்க" என்று அப்பா எல்லோரையும் விரட்ட ஆரம்பித்தார். சாப்பாடு என்று வந்துவிட்டால் எங்கள் சொந்தத்தில் எந்தச் சங்கடமும் நிற்காது. வீட்டுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டுப் பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். முதல் பந்தி ஆண்களுக்கு. அதில் தலை இலை மாப்பிள்ளைக்கு. அந்த ஒரு இலைக்கு முன்னால் மட்டும் வெள்ளித் தம்ளர், கீழே ஒரு ஜமுக்காளம். மாப்பிள்ளை வந்து உட்கார்ந்து கை வைக்கிற வரைக்கும் மற்றவர்கள் இலையைத் தொட மாட்டார்கள். பெண்கள் கடைசிப் பந்தி, எது மிச்சமோ அது. எந்த வீட்டிலும் இதுதான் வழக்கம், யாரும் இதை ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆண்கள் எல்லோரும் அவரவர் இலைக்கு முன்னால் நின்றுகொண்டு மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தார்கள். மாப்பிள்ளை கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். ஜாக்கெட் நனையாமல் கழுவ வேண்டும் என்பதால் நேரமானது. அப்போது தங்கை வீட்டுக்குள் இருந்து வந்தாள். பட்டுப் புடவையை மாற்றிவிட்டாள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போகிற நூல் புடவை, தோளில் பை. நேராக வந்து பையை ஓரமாக வைத்தாள். ஜமுக்காளத்தில், தலை இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

பந்தல் அப்படியே நின்றுவிட்டது. பரிமாற வாளியோடு வந்தவர்கள் வாளியோடு நின்றார்கள். மாப்பிள்ளை ஈரக்கையோடு வந்து, பார்த்து, அங்கேயே நின்றார்.

"அம்மணி" என்றார் அப்பா. "அது மாப்ளை எலை கண்ணு. எந்திரி."

அவள் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"மூணு மணி பஸ்ஸை உட்டா எனக்கு உடுமலைக்கு இருட்டுனதுக்கப்பறந்தானுங்கப்பா போவ முடியும். நாளைக்குப் பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்குது, கேள்வி இன்னும் எழுதல" என்றாள். "நீங்க எச்செம்முகிட்டச் சொல்லிப்போடுங்க. நா வேலைய உடலீங்க."

அப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார், மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் பார்த்தது அம்மாவை. மாப்பிள்ளைக்கு என்று தனியாக உருக்கிய நெய்க் கிண்ணத்தோடு அவள் பந்தல் காலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அப்புறம் சோற்று வாளிக்காரரைக் கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, "நீங்க ஏனுங்க நிக்கறீங்க? புள்ளை பசியோட உக்காந்திருக்குதல்லோ, போடுங்க" என்றாள். அவர் போட்டார். அம்மா குனிந்து, கிண்ணத்தில் இருந்த நெய் முழுவதையும் தங்கையின் சோற்றில் ஊற்றினாள்.